முயல் சளிநோய்: நீலகிரி மலைப்பகுதி

வீட்டு முயலின் மூக்கு, மூச்சுக்குழல், நுரையீரல் ஆகியவற்றைத் தாக்கும் பல நோய்களுக்கு வளர்ப்போர் வைத்திருக்கும் பொதுப்பெயர் சளிநோய். தும்மலில் தொடங்கும், மூக்கொழுகலாகும், முற்றினால் மூச்சிரைப்பில் முடியும். பெரும்பாலும் பாக்டீரியாவால் வருவது. மனிதருக்கு வரும் சளி வைரஸால் வந்து ஒரு வாரத்தில் தானே வடிந்துவிடும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு, "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று காத்திருப்பதே முயல் வளர்ப்பவர் செய்யும் முதல் தவறு. முயலின் சளி மாதக்கணக்கில் தங்கும், அல்லது நுரையீரலுக்கு இறங்கிக் கொல்லும்.

உதகை, குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் முயல் தும்மினால் "பனிக்காத்து பட்டுருச்சு" என்பார்கள். பனி இந்தக் கதையில் ஒரு சின்னப் பாத்திரம்தான். அந்தப் பனிக்குப் பயந்து நாம் கூண்டைச் சுற்றிச் செய்யும் ஏற்பாடுகளே பெரிய குற்றவாளி என்பது இக்கட்டுரையின் கருத்து.

மலையில் முயல்

வீட்டு முயல்கள் எல்லாம் ஐபீரியத் தீபகற்பத்துக் குழிமுயலின் வழிவந்தவை. தேயிலைக் காட்டில் ஓடும் நம் ஊர்க் காட்டு முயல் வேறு பேரினம். இரண்டும் இணைந்து குட்டி போடாது. கவாத்து வெட்டும்போது செடியடியில் கிடக்கும் காட்டுமுயல் குட்டியை வீட்டுக்குத் தூக்கி வருவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தாய் கைவிட்டுப் போனது போல் தெரிந்தாலும் அது போய்விடுவதில்லை. பகலெல்லாம் விலகியிருந்து, இருட்டியபின் வந்து பால் கொடுக்கும்.

நீலகிரியின் முயல் வளர்ப்பில் முக்கியமான பெயர் சாண்டிநல்லா. உதகையிலிருந்து கூடலூர் போகும் வழியில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் செம்மறியாடு இனப்பெருக்க ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. நீலகிரி ஆட்டினத்துக்குப் பெயர்பெற்ற அந்நிலையம் இறைச்சி முயல் இனங்களையும் வளர்த்து வந்திருக்கிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில், மத்திய அரசின் செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையமும் அப்படியே. வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்செல்லா போன்ற இனங்கள் தமிழ்நாட்டுச் சிறு பண்ணைகளுக்குப் பரவியதில் இந்த இரு குளிர்மலை நிலையங்களுக்கும் பங்குண்டு. முயலுக்கு உகந்த வெப்பம் ஏறக்குறைய 15 முதல் 20 டிகிரி வரை. அது உதகையின் சாதாரணப் பகல். குளிர் முயலுக்கு எதிரி என்றால், இந்த நிலையங்கள் சமவெளியில் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

மூக்கே வழி

முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும். அதன் குரல்வளை மூடி மென்அண்ணத்தின் மேல் செருகிக்கொண்டு நிற்பதால், காற்று மூக்கிலிருந்து நேரே மூச்சுக்குழலுக்குப் போகும்; வாய்வழி அடைபட்டிருக்கும். புல்லை மென்றுகொண்டே காற்றில் நரியின் வாடையைப் பிடிக்க வேண்டிய பிராணிக்கு இது நல்ல ஏற்பாடு. மூக்கு அடைத்தால்தான் ஆபத்து. நமக்கு மூக்கடைத்தால் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுவோம். முயல் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது உயிருக்குப் போராடுகிறது என்று பொருள்.

நெஞ்சுக்கூடும் சிறிது. வயிறு பெரிது, அதில் குடல்வால் பை பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு பெரும்பாலும் உதரவிதானத்தின் வேலை. ஆகவே வயிறு உப்பினால் மூச்சு திணறும்; மூச்சு திணறினால் முயல் தின்பதை நிறுத்தும்; தின்னாவிட்டால் குடல் ஓட்டம் நின்று வயிறு உப்பும். சளிநோயில் சாகும் முயல்களில் பல நுரையீரலால் சாவதில்லை, இந்தச் சுழலில் சிக்கிச் சாகின்றன.

இதோடு உயரமும் சேர்கிறது. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். நலமான முயலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நுரையீரலில் பாதி சீழ் கட்டிய முயலுக்கு அந்தக் கால் பங்கு குறைவு பெரிய விஷயம்.

கிருமியும் அதன் பெயரும்

முயல் சளியில் அதிகம் பேசப்படும் கிருமி பாஸ்சுரெல்லா மல்டோசிடா. இது தனியாகவும் வரும். போர்டெடெல்லா, ஸ்டேஃபிலோகாக்கஸ், சூடோமோனாஸ் ஆகியவற்றைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டும் வரும். கிருமி வெளியிலிருந்து புதிதாக வந்து தாக்க வேண்டும் என்பதில்லை. நன்றாகத் தின்று, துள்ளித் திரியும் முயல்களில் பலவற்றின் மூக்குக்குள்ளேயே அது குடியிருக்கும். தாயிடமிருந்து குட்டிக்குப் பிறந்த சில நாட்களிலேயே வந்துவிடும். உடம்பின் எதிர்ப்பு தளரும் நாளுக்காக அது காத்திருக்கிறது. பயணம், புதுக் கூண்டு, நாய் குரைப்பு, திடீர்த் தீனி மாற்றம், நெரிசல், பேறுகாலம், இவற்றில் எதுவும் அந்த நாளாகலாம். சமவெளிச் சந்தையில் வாங்கிய குட்டியை அட்டைப்பெட்டியில் போட்டுப் பேருந்தில் மலையேற்றிய நான்காம் நாள் அது தும்மத் தொடங்கினால், குற்றத்தை உதகைக் குளிரின் மேல் போடுவது சுலபம். பெட்டிக்குள் அடைபட்டு வந்த அந்த அரைநாள்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

பாஸ்சுரெல்லா என்ற பெயர் லூயி பாஸ்டரை ஒட்டி வைக்கப்பட்டது. 1880 வாக்கில் அவர் கோழிக் காலராவை ஆராய்ந்தபோது கையாண்ட கிருமி இதுவே. ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர் கொண்டுபோய் விட்ட முயல்கள் பல்கிப் பெருகி மேய்ச்சல் நிலங்களை மொட்டையடித்துவிட, நியூ சவுத் வேல்ஸ் அரசு 1887இல் அவற்றை ஒழிக்க வழி சொல்பவருக்கு 25,000 பவுண்டு பரிசு அறிவித்தது. கோழிக் காலராக் கிருமியைத் தீனியில் கலந்து முயல்களுக்கு வைக்கலாம் என்று பாஸ்டர் எழுதினார். பிரான்சில் ரெய்ம்ஸ் நகரத்து ஷாம்பெயின் தோட்டம் ஒன்றில் சோதித்தும் பார்த்தார், முயல்கள் செத்தன. தம் மனைவியின் உறவினரான அட்ரியன் லுவாரை ஆஸ்திரேலியாவுக்கே அனுப்பிவைத்தார். வெளியில் விட அனுமதி கிடைக்கவில்லை, பரிசும் கிடைக்கவில்லை.

அதே பாஸ்டர்தான் 1885இல் வெறிநாய்க்கடிக்கு முதல் தடுப்பு மருந்தை உலர்த்திய முயல் தண்டுவடத்திலிருந்து செய்தார். அவர் பெயர் தாங்கிய நிறுவனம் 1907 முதல் குன்னூரில், சிம்ஸ் பூங்காவுக்கு அருகில் நிற்கிறது. முயலைக் கொல்லும் கிருமிக்கும், முயலால் பிழைத்த மனிதர்களின் நினைவுக்கும் ஒரே பெயர்.

குளிரா, அடைப்பா

டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தாப் பக்கம் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை மேற்குப் பக்கம் காற்றும் தூறலும். அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை. மழை நாட்களில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். துணி ஒரு வாரம் காயாது. இந்தக் காலத்தில் மனிதர் தமக்குச் செய்துகொள்வதையே முயலுக்கும் செய்கிறார்கள். கூண்டை அடுப்படிக்கோ, சன்னல் சாத்திய அறைக்கோ கொண்டுபோகிறார்கள். தார்ப்பாயோ பாலிதீன் தாளோ போட்டுச் சுற்றிக் கட்டுகிறார்கள்.

அந்த மூடாக்குக்குள் நடப்பது இது. முயலின் சிறுநீரில் இருக்கும் யூரியாவைப் பாக்டீரியா உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. ஈரமான படுக்கையில் இது வேகமாக நடக்கும். மூச்சுக்குழல் சுவரில் நுண்மயிர்கள் இருக்கின்றன. தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. அம்மோனியா அவற்றை முடக்கிவிடுகிறது. அதுவரை மூக்கின் நுனியில் அடங்கிக் கிடந்த பாஸ்சுரெல்லா உள்ளே இறங்குகிறது. கூண்டின் மேல் மூடியைத் திறந்ததும் நமக்கு மூக்கைக் கரிக்கிறது என்றால், படுக்கைக்கு ஒரு சாண் உயரத்தில் நாள் முழுதும் மூக்கை வைத்துக்கொண்டிருக்கும் முயலின் நிலையை எண்ணிப்பார்க்கலாம்.

உறைபனிக் காலத்தில் இளம் தேயிலைச் செடிகளைத் தாகைச் செடியால் மூடுவது நீலகிரியில் பழைய வழக்கம். பனி மேலே தங்கும். காற்று உள்ளே போய்வரும். செடிக்குத் தெரிந்த இந்த நியாயத்தை முயலுக்கு மறந்துவிடுகிறோம். காற்று வீசும் பக்கத்தில் மட்டும் கோணிச்சாக்கைக் கட்டிவிட்டு எதிர்ப்பக்கத்தைத் திறந்து வைத்தால் போதும். உள்ளே ஒரே வாசல் வைத்த மரப்பெட்டியில் காய்ந்த வைக்கோலை நிறையப் போட்டால் பூஜ்யத்தை ஒட்டிய இரவையும் வளர்ந்த முயல் தாண்டிவிடும். நனையக் கூடாது, சாரல் படக் கூடாது, படுக்கை ஈரமாக இருக்கக் கூடாது. கம்பிவலைத் தரை வைத்த கூண்டானால் அடியில் இருக்கும் தட்டைத் தினமும் கொட்ட வேண்டும். வலையின் ஒரு பகுதியில் பலகை போடாவிட்டால் பாதம் புண்ணாகும்.

தோட்டத்து லைன் வீடுகளில் இடமே பிரச்சினை. ஒரே அறையில் அடுப்பு, படுக்கை, கூண்டு எல்லாம். கவாத்து விறகு ஈரமாக இருந்தால் புகை கூரை வரை நிற்கும். அங்கே கூண்டைத் திண்ணைக்கு மாற்றுவதே செய்யக்கூடிய மிகப்பெரிய வைத்தியம். நரி, நாய், சிறுத்தை பயம் இருப்பதால் இரவில் கதவுள்ள கொட்டகைக்குள் வைக்கலாம். கரி நெருப்பை இரும்புச் சட்டியில் போட்டு அறைக்குள் வைப்பது அறவே கூடாது. அப்படி வைத்துத் தூங்கிய மனிதர்களே இம்மலையில் இறந்திருக்கிறார்கள்.

படுக்கைக்கு மரத்தூள் போடுவோரும் உண்டு. மர அறுவை மில்லில் சும்மா கிடைக்கும். பொடித்தூள் நேரே மூக்குக்குள் போகும். தைல மரத்தூள் வாசனையாக இருக்கிறது என்று தேடிப் போடுவது இன்னும் மோசம். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வைக்கோலும் அதே கணக்குத்தான்.

அறிகுறிகள்

வேட்டையாடப்படும் பிராணி தன் நோயை மறைக்கும். முயல் முடிந்தவரை நடித்துவிட்டு, இனி முடியாது என்ற இடத்தில்தான் சுருண்டு உட்காரும். அதற்கு முன்னதாகவே கண்டுபிடிக்க மூக்கை மட்டும் பார்த்தால் போதாது, முன்னங்காலைப் பார்க்க வேண்டும். முயல் மூக்கைத் துடைப்பது முன்பாதத்தின் உட்பக்கத்தால். அங்கே மயிர் திரிதிரியாக ஒட்டி, காய்ந்து, மஞ்சளித்து இருந்தால், நாம் பார்க்கும் நேரத்தில் மூக்கு உலர்ந்திருந்தாலும் சளி உண்டு. காலையில் தீனி வைக்கும்போது பாதத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் ஒன்றே பல முயல்களைக் காப்பாற்றும்.

தும்மல் எப்போதாவது ஒன்றிரண்டு வருவது இயல்பு. தூசியுள்ள வைக்கோலை முகர்ந்தாலும் வரும். நாள்தோறும், தொடர்ச்சியாக வந்தால் நோய். மூக்கு நீர் முதலில் தெளிவாக இருக்கும், பிறகு வெண்மையாகவோ மஞ்சளாகவோ கெட்டிப்படும். மூச்சில் கொறகொறவென்று ஒலி வரும். அமைதியான அறையில் காதைக் கிட்டே வைத்தால் கேட்கும். கண்ணில் நீர் வடிந்து கன்னத்து மயிர் உதிரும். ஒரு பக்கம் தலை சாய்ந்தால் தொற்று நடுக்காதுவரை போயிருக்கலாம். மூளையைத் தாக்கும் ஒரு நுண்ணொட்டுண்ணியாலும் தலை சாயும் என்பதால் இதை மருத்துவரே பிரித்தறிய வேண்டும்.

மூச்சை எண்ணிப் பழகுவது நல்லது. முயல் ஓய்வாகப் படுத்திருக்கும்போது விலாப்பக்கம் ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரட்டிக்க வேண்டும். நிமிடத்துக்கு 30 முதல் 60 வரை இயல்பு. மூக்குத் துடிப்பை எண்ணக் கூடாது. அது மூச்சின் கணக்கோடு ஒத்துப்போகாது, நிமிடத்துக்கு நூறைத் தாண்டியும் துடிக்கும், முயல் கண்ணயர்ந்தால் நின்றும் போகும். நலமாக இருக்கும் நாளில் எண்ணி எழுதிவைத்த எண்தான் நோய் வந்த நாளில் பயன்படும். உடல்வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி வரை இயல்பு என்பதால், மனிதக் கணக்கில் பார்த்து "காய்ச்சல்" என்று பயந்துவிடக் கூடாது.

சில நிலைகளில் மறுநாள் வரை காத்திருக்க இயலாது. தலையை மேலே நீட்டிக்கொண்டு, மூக்குத் துளை விரிய, விலா குழிந்து குழிந்து மூச்சு வாங்குவது, வாயைத் திறப்பது, உதடும் நாக்கும் நீலம் பாய்வது, 12 மணி நேரமாகத் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருப்பது. இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே கிளம்ப வேண்டும்.

சளி போலத் தோன்றுபவை

மூக்கும் கண்ணும் ஒழுகும் முயல்கள் எல்லாவற்றுக்கும் நோய் மூக்கில் இருப்பதில்லை. முயலின் பல் வாழ்நாள் முழுதும் வளர்வது. வெட்டுப்பல் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். நார்மிக்க புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் அது தேயும். ஊட்டி கேரட்டும் முட்டைக்கோஸும் மலிவாகக் கிடைக்கிறதே என்று அவற்றையே தின்னக் கொடுத்தால் பல் தேயாது. வேர் பின்னோக்கி வளர்ந்து கண்ணீர்க் குழாயை நெருக்கும். கண்ணீர் வடிய இடமின்றிச் சீழ் பிடிக்கும். சொட்டுமருந்து ஊற்றிக்கொண்டே ஓராண்டை ஓட்டுவார்கள். நோய் தாடையில் இருக்கும். முயலின் படத்தில் கேரட்டை வரைந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. மலையெங்கும் தானாகப் படர்ந்து கிடக்கும் கிக்குயூ புல்லே போதும். பூச்சிமருந்து தெளிக்காத இடத்தில் அறுத்து, ஈரம் போக உலர்த்திக் கொடுக்கலாம்.

கருப்பை எடுக்காத பெண்முயலுக்கு நாலைந்து வயதுக்கு மேல் கருப்பைப் புற்று மிகச் சாதாரணம். அது பரவும் முதல் இடங்களில் ஒன்று நுரையீரல். தும்மலே இல்லாமல், மூக்கொழுகல் இல்லாமல், நடுவயதுப் பெண்முயல் மெல்ல மெல்ல இளைத்து மூச்சு வாங்கினால் எக்ஸ்ரே எடுக்காமல் ஆன்டிபயாட்டிக் போட்டுக்கொண்டிருப்பது வீண். இதயநோய், நெஞ்சுக்குள் வளரும் தைமஸ் கட்டி ஆகியவையும் இப்படி ஏமாற்றும். தைமஸ் கட்டியில் இரண்டு கண்ணிலும் மூன்றாம் இமை பிதுங்கும்.

வெயில் தாக்கினாலும் மூச்சு வாங்கும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

வீட்டில் செய்வதும் செய்யக் கூடாததும்

முதலில் மற்ற முயல்களிடமிருந்து பிரித்து வேறு அறைக்கு மாற்ற வேண்டும். தும்மலின் துளியிலும், தீனித் தட்டிலும், நம் கையிலும் கிருமி போகும். நலமான முயலுக்கு முதலில், நோய்ப்பட்டதற்குப் பிறகு என்று தீனி வைக்கும் வரிசையை மாற்றினாலே பாதி பரவல் நிற்கும். புதிதாக வாங்கும் முயலை ஒரு மாதம் தனியே வைப்பதும் இதற்காகவே. முயலோடு கினிப் பன்றியையும் ஒரே கூண்டில் வளர்ப்போர் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு: முயலின் மூக்கில் தொந்தரவில்லாமல் இருக்கும் போர்டெடெல்லா கினிப் பன்றிக்குக் கொல்லும் நிமோனியாவைக் கொடுக்கும்.

மூக்கில் காய்ந்திருக்கும் பொருக்கை வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து எடுக்கலாம். பிடுங்கக் கூடாது. தண்ணீர்க் கிண்ணத்தைக் கிட்டே வைக்க வேண்டும். பாட்டில் முனையை நக்கக்கூட மூச்சு போதாமல் இருக்கும். மூக்கடைத்த முயலுக்கு மணம் தெரியாது, அதனால் பசி வராது. கொத்தமல்லித்தழை, புதினா போன்ற வாசனைத் தழைகளை வைத்தால் சில சமயம் தின்னும். குளிர்ந்துபோயிருந்தால் வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் வைக்கலாம். வேண்டாமென்றால் விலகிப் போக முயலுக்கு மறுமூலை இருக்க வேண்டும்.

தைலம் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 1843 வாக்கில் விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட, கற்பூர மரம் எனப்படும் தைல மரம் இம்மலையின் அடையாளமாகவே ஆகிவிட்டது; நீலகிரித் தைலம் இல்லாத வீடு இங்கே இல்லை. தலைவலிக்கும் தைலம், சளிக்கும் தைலம், குழந்தையின் நெஞ்சுக்கும் தைலம். அந்தக் கையே முயலின் மூக்குக்கும் போகிறது. முயலின் மூக்குச் சவ்வு மிக மென்மையானது. தைலம் பட்டால் எரிந்து வீங்கி, இருக்கிற வழியும் அடைபடும். மயிரில் தடவியதை நக்கியே தீரும், வயிற்றுக்குள் போகும். வேது பிடிக்க வைப்பதும் அப்படியே. வியர்வை இல்லாத பிராணியைச் சூடான ஆவியில் மூடினால், நோயோடு வெப்பத் தாக்குதலையும் சேர்த்துக் கொடுத்ததாகும். மஞ்சள்புகை, சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

தின்னாத முயலுக்குச் சிரிஞ்சில் கூழ் ஊட்டுவது மற்ற நோய்களில் உயிர்காக்கும். மூச்சு வாங்கும் முயலுக்கு அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். மருத்துவர் காட்டிக்கொடுத்தபின் செய்வதே சரி.

மருந்து

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மனித மாத்திரையால் செத்த முயல்களுக்குக் கணக்கில்லை. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், செஃபலோஸ்போரின் வகைகள், எரித்ரோமைசின், கிளின்டாமைசின், லின்கோமைசின் ஆகியவற்றை முயலுக்கு வாய்வழி கொடுக்கவே கூடாது. இவை குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிட, அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் பெருகி நஞ்சைச் சுரக்கும். கழிச்சல் கண்டு ஓரிரு நாளில் முயல் போய்விடும். சளி கொன்றது என்று வீட்டார் நினைப்பார்கள், கொன்றது மாத்திரை. பென்சிலினை ஊசியாகப் போடலாம், வாயில் ஊற்றலாகாது என்ற வேறுபாடு மாட்டுக்கும் நாய்க்குமே வைத்தியம் பார்த்துப் பழகியவர்களுக்குச் சில சமயம் நினைவில் இருப்பதில்லை. வளர்ப்பவரே எடுத்துச் சொல்லத் தயங்கக் கூடாது.

முயலுக்குப் பொருந்துபவை என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோபிரிமுடன் சேர்ந்த சல்ஃபா முதலியவை. எதை, எவ்வளவு என்பதை முயலின் எடையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். மூக்கின் உட்புறத்திலிருந்து சளியெடுத்து வளர்த்துப் பார்த்துப் பொருத்தமான மருந்தைத் தேர்வது சிறந்த முறை. மருந்து வாரக்கணக்கில் ஓடும். ஐந்தாம் நாள் தும்மல் நின்றதும் நிறுத்திவிட்டால் அடுத்த மாதம் கிருமி அதே மருந்துக்கு மசியாமல் திரும்பும்.

ஸ்டீராய்டு ஊசி பற்றி எச்சரிக்கை தேவை. மூச்சிரைப்பைச் சட்டென்று தணிப்பதால் அதைப் போடும் பழக்கம் உண்டு. முயலின் உடல் ஸ்டீராய்டால் மிக எளிதில் பாதிக்கப்படும். எதிர்ப்பாற்றல் படுத்துவிடும், அடங்கியிருந்த பாஸ்சுரெல்லா தலைதூக்கும். உண்ணி, சிரங்குக்காக நாய்க்குப் போடும் ஃபிப்ரோனில் சொட்டும் முயலுக்கு விஷம் என்பதை இதே இடத்தில் சொல்லிவைக்கலாம்.

சீழ்க்கட்டிகளின் கதை வேறு. முயலின் சீழ் தண்ணீராக ஓடாது, பன்னீர்க்கட்டி போல் கெட்டியாக இருக்கும். கீறிவிட்டால் வடியாது, உறையோடு அறுத்தெடுக்க வேண்டும். மூக்கெலும்பின் உள்மடிப்புகள் அரித்துப்போன பழைய சளிநோய் முழுதாக ஆறுவது அரிது. நல்ல காற்றும் உலர்ந்த படுக்கையும் இருந்தால் அப்படிப்பட்ட முயலும் லேசான தும்மலோடு பல ஆண்டுகள் வாழும். நம்பத்தக்க தடுப்பூசி இதற்கு இல்லை. மனிதருக்கு இந்தச் சளி ஒட்டுவதில்லை. ஆனால் முயல் கடித்த புண்ணில் பாஸ்சுரெல்லா சீழ் வைக்கும், ஆகவே சோப்புப் போட்டுக் கழுவி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மலையிறங்குதல்

அரசுக் கால்நடை மருந்தகங்களின் முதல் கவனம் மாடு, ஆடு, கோழி மேல் இருப்பது இயல்பே. என்றாலும் ஊசி போடவும் எடை பார்க்கவும் நெஞ்சொலி கேட்கவும் அருகிலுள்ள மருந்தகம் போதும். கால்நடை அவசர உதவிக்கு 1962 என்ற கட்டணமில்லா எண் உண்டு. ஆக்சிஜன், எக்ஸ்ரே, பல் அறுவை என்று வரும்போது பலர் கோயம்புத்தூருக்கு இறங்குகிறார்கள்.

அந்தப் பயணத்தில்தான் நோயாளி முயல் பெரும்பாலும் கெடுகிறது. உதகையில் 15 டிகிரியில் ஏற்றிய முயல், இரண்டு மணி நேரத்தில் கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் தாண்டி மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரிக்குள் போய் இறங்குகிறது. முயலுக்கு வியர்க்காது; காதின் ரத்தக்குழாய் வழியாகவும் மூச்சின் வழியாகவுமே அது சூட்டை வெளியேற்றும். அந்த மூச்சுதான் ஏற்கெனவே அடைபட்டிருக்கிறது. கம்பி முகப்பு வைத்த, காற்றோட்டமுள்ள கூடையில் வழுக்காத துணி விரித்து, தோளில் தூக்காமல், மடியில் மல்லாத்தாமல், இயல்பாகக் குந்தியிருக்கும் நிலையிலேயே கொண்டுபோக வேண்டும். காய்ந்த புல் கையோடு இருக்கட்டும். தண்ணீர்ப் பாட்டிலை உறையவைத்துத் துணி சுற்றிக் கூடையோரம் வைக்கலாம். இன்னொரு முயல் துணைக்கு இருந்து பழகியிருந்தாலும் இந்தப் பயணத்துக்கு வேண்டாம். விடியும் முன் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் மேட்டுப்பாளையத்தைக் கடந்துவிடுங்கள்.